22 எண்ணியதும் அணைகிற டீவி

வாசகர் கடிதம்:

வணக்கம் அண்ணா. நாங்கள் பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். போன கிழமை எங்கள் வீட்டு 43 அங்குல ஸ்மார்ட் டீவியில், புதிய மென்பொருள் வந்திருக்கிறது, போடவா என்று கேட்டு வந்தது. அப்பா ரிமோட்டில் ஓகே அழுத்திவிட்டார். பாதியில் கரண்ட் போய்விட்டது. திரும்ப வந்ததிலிருந்து கம்பனிப் பெயர் தெரிகிறது, அணைகிறது, மறுபடி தெரிகிறது. ஓர் இரவு முழுக்க விட்டும் பார்த்தோம், அதேதான். தம்பி எண்ணிப் பார்த்தான், ஒவ்வொரு தடவையும் 22 எண்ணும்போது அணைகிறதாம். டவுனில் ஒரு கடையில் போர்ட் மாற்ற வேண்டும், 38,000 ரூபா ஆகும் என்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பையன், இன்டர்நெட்டில் ஃபைல் இருக்கிறது, பென் டிரைவில் போட்டால் சரியாகிவிடும் என்கிறான். அப்பா அன்றிலிருந்து டீவிப் பக்கமே திரும்புவதில்லை. என்ன செய்யலாம்? கொழும்பில் வேலை செய்யும் அண்ணன் போன தீபாவளிக்குத் தவணைக்கு வாங்கித் தந்த டீவி இது.

பதில்:

தங்கச்சி, முதலில் தம்பிக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். ஹட்டனில் என் கடைக்கு டீவியைத் தூக்கி வருகிறவர்கள் பெரும்பாலும் "வருது, போகுது" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். எண்ணிப் பார்த்துச் சொன்ன ஆளை நான் அதிகம் கண்டதில்லை. உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் உதவியது அந்த 22தான். ஏனென்று பிறகு சொல்கிறேன்.

அடுத்தது அப்பா. அவர் மேல் பிழை இல்லை. டீவி கேட்டது, அவர் ஓகே சொன்னார். கரண்ட் போகும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? உங்கள் ஊரைத் தாண்டி ஓடும் கெசல்கமு ஓயாத் தண்ணீர்தான் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சேர்ந்து, 50 மெகாவாட் விமலசுரேந்திர மின்நிலையத்தை ஓட்டுகிறது. அப்படியிருந்தும் ஒரு காற்று அடித்து டர்பன்டைன் மரம் கம்பியில் சாய்ந்தால் முதலில் இருட்டாவது உங்கள் லயத்து வீடுகள்தான். இதற்கெல்லாம் அப்பா என்ன செய்வார்!

கடிதத்தின் கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்றை எழுதியிருக்கிறீர்கள்: போன தீபாவளிக்கு வாங்கியது. அதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். அப்படியென்றால் ஒரு வருடம் இன்னும் ஆகவில்லை. புது டீவிக்குப் பொதுவாக ஒரு வருடமாவது வாரண்டி இருக்கும். இன்றே அண்ணனுக்குக் கோல் எடுத்து, வாரண்டி அட்டையும் தவணைக்கு வாங்கிய பில்லும் எங்கே என்று கேளுங்கள். அவை கையில் கிடைக்கும் வரை யாரும் டீவியின் பின்மூடியைக் கழற்றக் கூடாது. திருகாணி மேல் ஒட்டியிருக்கும் சின்ன சீல் கிழிந்தாலே, வெளியாள் கை வைத்துவிட்டார் என்று சொல்லித் திருப்பி அனுப்ப ஏஜெண்டுக்கு ஒரு சாட்டு கிடைத்துவிடும்.

மின்சாரக் கோளாறுக்கு வாரண்டி இல்லை என்று அங்கே சொல்லக்கூடும். மின்னல், அதிக வோல்டேஜ் இரண்டையும் வாரண்டியில் சேர்ப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் உங்கள் டீவியில் எதுவும் எரிந்ததற்கான அடையாளம் இல்லை. கம்பனியே அனுப்பிய மென்பொருள் பாதியில் நின்றிருக்கிறது. நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள், எழுத்தில் கொடுங்கள், அவர்கள் பதிலையும் எழுத்தில் கேளுங்கள். நியாயமில்லாமல் தட்டிக் கழித்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைத்து முறையிடலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் உருவான சபை அது. தவணை இன்னும் முடியவில்லை என்றால் விற்ற கடைக்கும் உங்களோடு கணக்கு இருக்கிறது. அந்தக் கடையையும் விடாதீர்கள்.

வாரண்டி சரிவந்தாலும் டீவி போய்த் திரும்பச் சில கிழமை ஆகலாம். அதற்குள் மூடியைக் கழற்றாமல் வீட்டிலேயே செய்யக்கூடியவை சில இருக்கின்றன. அவற்றைச் சொல்வதற்கு முன், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பயம் போய்விடும்.

ஸ்மார்ட் டீவிக்குள் இருப்பது ஒரு சின்னக் கம்பியூட்டர். பிளக்கைப் போட்டதும் முதலில் விழித்துக்கொள்வது பூட்லோடர் என்கிற சிறிய நிரல். தோட்டக் கணக்கில் சொன்னால், விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்துக்கு முதல் ஆளாக வந்து நிற்கிற கங்காணி. கம்பனிப் பெயரைத் திரையில் காட்டுவது அவர்தான். பிறகு பெயர் கூப்பிட ஆரம்பிப்பார். அடித்தள நிரலான கேர்னல் வர வேண்டும், அதன் பின்னால் டீவியை ஓட்டும் மென்பொருளான சிஸ்டம் வர வேண்டும், அதன் பின்னால்தான் யூடியூப்பும் மற்றதும். உங்கள் வீட்டில் கங்காணி வந்துவிட்டார், கூப்பிடவும் செய்கிறார். சிஸ்டம் பாதி எழுதப்பட்டுக் கிடப்பதால் பதில் வரவில்லை. சிப்புக்குள் வொட்ச்டோக் என்று ஒரு கடிகாரம் ஓடுகிறது. குறித்த நேரத்துக்குள் பதில் வராவிட்டால் அது எல்லாவற்றையும் அணைத்து முதலிலிருந்து தொடங்க வைத்துவிடும். கங்காணி மறுபடி வருவார், மறுபடி கூப்பிடுவார். விடிய விடிய இதுதான் நடக்கிறது.

மென்பொருளை இறக்கும்போது சிக்னல் அறுந்தால் டீவி கெட்டுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இறக்கியதை முழுதாகச் சரிபார்த்த பிறகுதான் டீவி அதை எழுதத் தொடங்கும். ஆபத்து அந்த எழுதும் நேரத்தில்தான். இஎம்எம்சி என்கிற நினைவகச் சிப்பில் பழையதை அழித்துப் புதியதை எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், பழையதும் இல்லை, புதியதும் இல்லை. இதற்காகவே கூகுள் 2016இல் அன்ட்ரொய்ட் 7இல் ஒரு வழி கொண்டுவந்தது. சிஸ்டத்தை இரண்டு பிரதியாக வைத்து, ஓடாத பிரதியில் எழுதி, சரிவந்தால் மட்டும் அதற்கு மாறுவது. நல்ல ஏற்பாடு. ஆனால் இரண்டு பிரதிக்கு இடம் வேண்டும், இடத்துக்குக் காசு வேண்டும். அதனால் விலை குறைந்த டீவிகள் பலவற்றில் இன்னும் ஒரே பிரதிதான்.

இப்போது அந்த 22க்கு வருவோம். ஒவ்வொரு தடவையும் ஒரே எண்ணில் அணைகிறது என்றால் பழுது மென்பொருளில் என்பதற்குப் பெரிய சாட்சி அது. நிரலுக்கு அலுப்பும் இல்லை, குளிரும் இல்லை. ஒரே வரியில் போய் ஒரே இடத்தில் முட்டும். எண் மாறி மாறி வந்தால், ஒரு தடவை 8, ஒரு தடவை 40 என்றால், நான் மின்சாரப் பக்கத்தைச் சந்தேகிப்பேன்: பவர் போர்ட், சூடு, தளர்ந்த ரிப்பன் வயர், இல்லாவிட்டால் சுவரில் ஆடுகிற பிளக். கம்பனிப் பெயரே வராமல் சிவப்பு விளக்கு மட்டும் மினுங்கினால் ஒன்று கங்காணியே வரவில்லை, அல்லது படம் இருந்தும் பின்வெளிச்சம் இல்லை. இருட்டில் டோர்ச்சைத் திரையில் சாய்த்து அடித்துப் பார்த்தால் இரண்டாவது தெரிந்துவிடும், மங்கலாகப் படம் ஓடும். கம்பனிப் பெயரைத் தாண்டி அசையும் படம் வரை போய் நின்றால் சிஸ்டம் நன்றாகத்தான் இருக்கிறது, உங்கள் அப்களும் கணக்கும் இருக்கும் பகுதிதான் குழம்பியிருக்கிறது. அது இன்னும் சுலபம்.

எங்கள் குளிருக்கென்றே ஒரு பழுது உண்டு. பவர் போர்டில் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர் வயதானால் குளிரில் இன்னும் மோசமாகும். காலையில் நான்கைந்து தடவை அணைந்து எரிந்து, உடம்பு சூடானதும் ஒன்றும் நடக்காதது போல ஓடும். நானுஓயாவிலிருந்து ஒருவர், அப்டேட் பண்ணிக் கெட்டுப்போச்சு என்று ஒரு டீவி கொண்டு வந்தார். என் கடையில் மத்தியானம் போட்டால் அருமையாக ஓடுகிறது. இரண்டு நாள் மண்டையைக் குழப்பிவிட்டு, மூன்றாம் நாள் விடிய ஆறு மணிக்குக் கடையைத் திறந்து போட்டுப் பார்த்தேன். அப்போதுதான் மாட்டியது. மேல் வீங்கிய கெப்பாசிட்டர் இரண்டு. மாற்றினேன், முடிந்தது. அதனால் தம்பியை நாளைக் காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை எண்ணச் சொல்லுங்கள். இரண்டும் 22 என்றால் கெப்பாசிட்டரை மறந்துவிடலாம்.

சரி, செய்ய வேண்டியவை. டீவியில் செருகியிருக்கும் எல்லாவற்றையும் கழற்றுங்கள்: டிஷ் பெட்டியின் வயர், எச்டிஎம்ஐ, பென் டிரைவ், அன்டெனா. பழுதான ஒரு பென் டிரைவ் செருகியிருந்ததாலேயே எழும்பாமல் கிடந்த டீவியைப் பார்த்திருக்கிறேன். மல்டி பிளக் வேண்டாம், நேராகச் சுவரில் போடுங்கள். போடுவதற்கு முன், பிளக் கழற்றிய நிலையில் டீவியின் சொந்தப் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ரிமோட்டில் இருப்பது அல்ல. பெரும்பாலும் நடுவில் கம்பனிப் பெயருக்குக் கீழே, அல்லது பின்னால் வலப்பக்கம் தடவிப் பார்த்தால் கிடைக்கும். பிறகு கால் மணி நேரம் சும்மா விட்டுவிட்டு மறுபடி போடுங்கள். இதில் சரியாகும் என்று பெரிதாக நம்ப வேண்டாம். செலவில்லாதது, அதனால் முதலில்.

அடுத்தது ரிகவரி, சிஸ்டம் எழும்பாதபோது சரிசெய்யவென்று டீவிக்குள்ளேயே இருக்கும் தனித் திரை. அதே பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே இன்னொருவரைப் பிளக்கைப் போடச் சொல்லுங்கள். கம்பனிப் பெயர் வந்த பிறகும் விடாதீர்கள், திரை மாறும் வரை பிடியுங்கள். பல அன்ட்ரொய்ட் டீவிகளில் அப்போது கறுப்புத் திரையில் சில ஆங்கில வரிகள் வரும். அதில் ஃபெக்டரி ரீசெட் என்ற வரியைத் தேர்ந்தெடுக்கலாம். வரியிலிருந்து வரிக்கு நகர அதே பொத்தானைச் சின்னதாகத் தட்ட வேண்டும், தேர்ந்தெடுக்கக் கொஞ்சம் நீளமாக அழுத்த வேண்டும். இது அப்களையும் பாஸ்வேர்டுகளையும் அழிக்கும், அதனால் கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு அண்ணனிடம் இருக்கிறதா என்று முன்பே கேட்டுவையுங்கள். ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: ரீசெட் உங்கள் பகுதியைத்தான் துடைக்கும், பாதி எழுதிய சிஸ்டத்தை எழுதி முடிக்காது. உங்கள் 22ஐப் பார்த்தால் இது மட்டும் போதாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் ரிகவரித் திரை வருகிறதா என்று பார்ப்பதே பாதி வெற்றி. வந்தால் அந்த வழியாக மென்பொருளை முழுதாக எழுதலாம்.

அதற்குத்தான் பென் டிரைவ். பக்கத்து வீட்டுப் பையன் சொன்னதில் வழி சரி, ஃபைல்தான் பிழை. ஒரே கம்பனி, ஒரே 43 அங்குலம், ஏன் ஒரே மொடல் பெயர் என்றாலும் உள்ளே திரை வேறாக இருக்கலாம், போர்ட் வேறாக இருக்கலாம். டீவியின் பின்னால் ஸ்டிக்கரில் மொடல் எண்ணுக்குப் பின்னால் வால் போல் சில எழுத்துகள் தொங்கும். அந்த வால்தான் முக்கியம். நான் தொழில் பழகிய காலத்தில், அவசரத்தில் வாலைப் பார்க்காமல் ஒரு டீவிக்கு எழுதினேன். எழும்பியது, சத்தமும் வந்தது, செய்தி வாசிப்பவர் தலைகீழாக வாசித்தார். ரிமோட்டும் கேட்கவில்லை. டீவிக்காரர் கோபப்படாமல், "அப்போ நாங்க கட்டில்ல தலை மாத்திப் படுத்துக்கிறோம் தம்பி" என்றார். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. எனக்காவது சிப்பைக் கழற்றி எழுதும் கருவி இருந்தது, திருத்திக் கொடுத்தேன். உங்களிடம் அது இல்லை. பிழையான ஃபைல் பூட்லோடரையும் சேர்த்து அழித்துவிட்டால், இப்போது பெரட்டுக்களத்தில் நிற்கிற ஒரே ஆளும் போய்விடுவார்.

ஆகவே ஃபைல் கம்பனியின் உதவிப் பக்கத்திலிருந்து வர வேண்டும், அல்லது இங்குள்ள ஏஜெண்டின் சேர்விஸ் நிலையம் தர வேண்டும். ஸ்டிக்கரைத் தெளிவாகப் படம் பிடித்து அவர்களுக்கு அனுப்பி, இந்த டீவிக்கான யூஎஸ்பி ஃபைலும் போடும் முறையும் தாருங்கள் என்று கேளுங்கள். அவர்களே தந்து அவர்கள் சொன்னபடி போட்டால் வாரண்டிக்கும் பங்கம் வராது. பென் டிரைவ் பழையதாக, சின்னதாக இருப்பதே நல்லது, 8 அல்லது 16 ஜிபி. அதை ஃபாட் 32 முறையில் ஃபோர்மட் செய்ய வேண்டும். 32 ஜிபிக்கு மேலே போனால் விண்டோஸ் வழக்கமாக அந்த முறையைக் காட்டுவதே இல்லை. டவுனில் கொமினிகேஷன் கடையில் செய்வதாக இருந்தால் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கம்பியூட்டர்களில் வைரஸ் இருந்தால் உங்கள் பென் டிரைவில் கூடவே நாலு வேண்டாத ஃபைலும் ஏறிவிடும். டீவிக்கான ஃபைலைத் தவிர அதில் வேறொன்றும் இருக்கக் கூடாது. ஃபைலின் பெயரையும் மாற்றாதீர்கள். இரண்டு தடவை இறக்கினால் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 1 என்று தானாக ஒட்டிக்கொள்ளும். அந்த ஒரு 1 போதும், டீவி அதைத் திரும்பியும் பார்க்காது.

போடும்போது காற்று, மழை, மின்னல் இல்லாத நேரமாகப் பாருங்கள். தோட்ட ஒஃபீஸிலோ பள்ளிக்கூடத்திலோ கம்பியூட்டர் யூபிஎஸ் ஒன்று ஒரு மணி நேரத்துக்கு இரவல் கிடைத்தால் வாங்குங்கள். 43 அங்குல எல்ஈடி டீவி பெரும்பாலும் 100 வாட்டுக்கு மேல் இழுக்காது. நல்ல பற்றரி உள்ள சாதாரண 650 விஏ யூபிஎஸ் சில நிமிடங்களாவது தாங்கும். எங்கள் பக்கம் கரண்ட் ஒரேயடியாகப் போவதை விட, போய் இரண்டு நொடியில் வந்து மறுபடி போவதுதான் அதிகம். அந்த விளையாட்டுக்கு யூபிஎஸ் நன்றாகவே போதும். எழுதும்போது விளக்கு மினுங்கும், சில டீவியில் திரையில் கோடு நகரும், சிலதில் ஒன்றுமே தெரியாது. அரை மணி நேரம் யாரும் தொடாதீர்கள். பொறுமையில்லாமல் நடுவில் பிளக்கைப் பிடுங்கினால் போன கிழமைக் கதைதான் மறுபடியும்.

இதிலும் எழும்பவில்லை, வாரண்டியும் கைவிட்டுவிட்டது என்றால்தான் கடை. அப்போதும் 38,000 ரூபா முதல் பேச்சாக இருக்கக் கூடாது. போர்ட் மாற்றுவது கடைசி வேலை. அதற்கு முன் ஒரு பாஸ், அதாவது பழுது பார்ப்பவர், செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது, பவர் போர்டிலிருந்து வரும் 12 வோல்ட் நிலையாக நிற்கிறதா, டீவி எழும்பும் நேரத்தில் விழுகிறதா என்று அளப்பது. இரண்டாவது, மெயின் போர்ட் தனக்குள் நடப்பதை எழுத்தாக வெளியே அனுப்பும் சீரியல் வழியில் வயரைப் பிடித்துக் கம்பியூட்டரில் பார்ப்பது. கங்காணி யாரைக் கூப்பிட்டார், யார் வரவில்லை என்பது அங்கே வரி வரியாக ஓடும். சிஸ்டம்தான் இல்லை என்றால் சிப்பில் திரும்ப எழுதினால் போதும், அது போர்டின் விலையில் ஒரு பங்குதான் ஆகும். சிப்பே தேய்ந்து, எழுதியது நிற்காவிட்டால் சிப்பை மாற்றலாம். அதற்கும் அப்பால்தான் போர்ட். கடையில் போய், "12 வோல்ட் பார்த்தீங்களா? சீரியல்ல என்ன வருது?" என்று மட்டும் கேளுங்கள். பதில் வந்தால் அவரிடம் கொடுக்கலாம். "அதெல்லாம் உங்களுக்கு வெளங்காது" என்றால் டீவியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

எழுதச் சம்மதிக்கிற பாஸிடம், முதலில் சிப்பில் இருப்பதை அப்படியே பிரதி எடுத்துவைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு டீவிக்கும் தனியான சில சாவிகள் அதற்குள் இருக்கும். வேறு டீவியின் பிரதியைக் கொண்டுவந்து மேலே எழுதினால் அவை போய்விடலாம், பிறகு காசு கட்டிப் பார்க்கும் படச் சேவைகள் சில தெளிவில்லாமல் ஓடும் அல்லது ஓடாது. எப்படியோ கடைசியில் போர்டையே மாற்றினால் பழைய போர்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது உங்கள் பொருள்.

வீட்டில் நீங்களாகப் பின்மூடியைத் திறந்து பார்க்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். பவர் போர்டில் உள்ள பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், பிளக்கைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும். தம்பியின் ஆர்வத்தைப் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

வரிசை இதுதான்: இன்று அண்ணனுக்குக் கோல், நாளை காலையும் மத்தியானமும் எண்ணிக்கை, பிறகு பொத்தானைப் பிடித்து ரிகவரி வருகிறதா என்று பார்ப்பது, ஏஜெண்டுக்கு ஸ்டிக்கர் படம். ரிகவரித் திரை வந்தால் அதையும் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள். வராவிட்டாலும் எழுதுங்கள், மத்தியானம் தம்பிக்கு எந்த எண் வந்தது என்பதையும் சேர்த்து. முடிந்தால் பொத்தானை அப்பாவையே பிடிக்கச் சொல்லுங்கள்.